நுகர்வோர் கேள்வி – பதில்: இசை மென்பொருளும் அதன் அப்டேட்டும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கணினியில் பாட்டைப் பதிந்து தொகுக்கும் மென்பொருட்களைப் பற்றியவை. திருகோணமலையில் வீட்டின் ஓர் அறையையே ஒலிப்பதிவுக்கூடமாக்கி, கோவில் பாடல்களையும் கல்யாண வீடியோக்களுக்கான இசையையும் செய்து கொடுப்பவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். சீட்டுக் காசிலும் நகை அடகிலும் தொடங்கப்பட்ட தொழில்கள் இவை என்பதால், ஒரு தலைப்புக்கே இந்தப் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள், ஏறத்தாழ ஒவ்வொரு வருடமும் புதிய பதிப்பு வந்துவிட்டது என்று மீண்டும் காசு கேட்கிறது. நண்பர் பயன்படுத்தும் ரீப்பர் என்ற மென்பொருளுக்கோ சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிய அப்டேட் வந்துகொண்டே இருக்கிறது. உண்மையில் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை அப்டேட் வர வேண்டும்? – வாசகர், உவர்மலை

பதில்: ஓர் எண்ணைச் சொல்லி இதை முடிக்க முடியாது. அப்டேட் என்ற ஒரே சொல்லுக்குள் பிழை திருத்தம், புதிய வசதி, காசு கேட்கும் புதிய பதிப்பு என்று மூன்று வெவ்வேறு காரியங்கள் கிடக்கின்றன. பிழை திருத்தம், பிழை தெரிந்த சில வாரங்களுக்குள், இலவசமாக வர வேண்டும். அது மாதம் இரண்டு வந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். புதிய வசதிகள் வருடத்துக்கு ஓரிரு முறை வந்தால் போதும், ஏனென்றால் கை பழகிய பொத்தான் அடிக்கடி இடம் மாறினால் வேலை கெடும். காசு கேட்கும் பதிப்பு இரண்டு, மூன்று வருடங்களுக்கு முன்னர் வரக்கூடாது என்பதே என் நிலைப்பாடு.

இப்படி நடப்பது சாத்தியமா என்று கேட்பீர்களானால், நடத்திக்காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஏபிள்டன் லைவ் 10ஆம் பதிப்பு 2018இலும், 11ஆம் பதிப்பு 2021இலும், 12ஆம் பதிப்பு 2024இலும் வந்தன. லொஜிக் புரோ எக்ஸ் 2013இல் வந்த பின்னர் அதன் அப்டேட்டுகள் அனைத்தும் இலவசமாகவே வந்தன. 2024இல் வந்த 11ஆம் பதிப்புக்கும் பழைய பாவனையாளரிடம் காசு கேட்கப்படவில்லை (அது ஆப்பிள் கணினிகளில் மட்டுமே இயங்கும் என்பதை மறக்க வேண்டாம்). உங்கள் நண்பரின் ரீப்பரில் ஓர் உரிமம் இரண்டு பெரும் பதிப்புகளுக்குச் செல்லுபடியாகும். 6ஆம் பதிப்பு 2019இன் இறுதியிலும் 7ஆம் பதிப்பு 2023இலும் வந்தன என்பதால், ஒருமுறை கொடுத்த காசு பல வருடங்களுக்குத் தாங்குகிறது. கியூபேஸ் இதற்கு மாறானது: 12ஆம் பதிப்பு 2022 மார்ச்சில், 13ஆம் பதிப்பு 2023 நவம்பரில், 14ஆம் பதிப்பு 2024 நவம்பரில்.

காசு கேட்பதில் எனக்கு மறுப்பு இல்லை. எழுதியவர்களுக்கும் குடும்பம் உண்டு. என்னைப் பல வருடங்களாக வருத்துவது வேறொன்று. ஒரு பதிப்பில் இருக்கும் பிழையைப் பாவனையாளர்கள் எழுதியெழுதி அறிவித்தும், அதை அந்தப் பதிப்பிலேயே திருத்தாமல், அடுத்த பதிப்பில் திருத்திவிட்டு அந்தத் திருத்தத்தையும் புதிய வசதிகளோடு சேர்த்துக் கட்டி விற்கிறார்கள். நீங்கள் வாங்கிய கதிரையின் ஒரு கால் ஆடுகிறது என்று வையுங்கள். கடைக்குக் கொண்டுபோனால், அடுத்த வருடம் வரும் கதிரையில் கால் ஆடாது, அதை உங்களுக்குப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், மத்திய வீதியில் அவர் கடைக்கு முன்னால் கூட்டம் கூடிவிடாதா? மென்பொருளில் மட்டும் நாம் அதைத் தலையாட்டி ஏற்றுக்கொண்டு, தள்ளுபடி கிடைத்தது என்று நன்றியும் சொல்கிறோம். விற்ற பொருள் சொன்னபடி வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அதைத் திருத்திக் கொடுப்பது விற்றவரின் கடமை. ஆகவே ஒரு நிறுவனத்தை எடைபோடும்போது, வருடத்துக்கு எத்தனை அப்டேட் என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், அவர்கள் வெளியிடும் மாற்றப் பட்டியலைத் திறந்து, அதில் ‘திருத்தப்பட்டது’ என்று வரும் வரிகளை வாசியுங்கள். முந்தைய பதிப்புக்கும் திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். ஒரு மணித்தியாலம் போதும். எந்த விளம்பரமும் சொல்லாத விடயத்தை அந்தப் பட்டியல் சொல்லும்.

கேள்வி: கடையொன்றில் 1,500 ரூபாய்க்குப் பென் டிரைவில் ஏற்றித் தந்த மென்பொருள் அப்டேட் செய்தவுடன் திறக்க மறுக்கிறது. யாரிடம் முறையிடலாம்? – வாசகர், பாலையூற்று

பதில்: யாரிடமும் முறையிட முடியாது. நீங்கள் வாங்கியது திருட்டுப் பிரதி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது.

கேள்வி: எங்கள் கோவில் திருவிழாவுக்கான இறுவட்டைப் பதிந்துகொண்டிருக்கிறோம். பாதி வேலை முடிந்த நிலையில் மென்பொருள் அப்டேட் கேட்கிறது. செய்யலாமா? – வாசகர், திருக்கடலூர்

பதில்: செய்யவே வேண்டாம். இறுதி வடிவத்தைக் கொடுத்துக் காசு கைக்கு வந்த பிறகு செய்யுங்கள்.

நான் இதைச் சொல்வது பட்ட அனுபவத்தில். சில வருடங்களுக்கு முன், நாதஸ்வரக் குழு ஒன்றின் பதிவுக்கு முதல் நாள் இரவு, எல்லாம் புதிதாக இருக்கட்டும் என்று அப்டேட் பொத்தானை அழுத்தினேன். காலையில் கோப்பைத் திறந்தபோது, 14 தடங்களில் 2 தடங்கள் ஊமையாகிக் கிடந்தன. எதிரொலிக்காக நான் காசு கொடுத்து வாங்கியிருந்த பிளகின் என்ற துணை மென்பொருள் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியும், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற ஒரு வரியும் மட்டுமே இருந்தன. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால், புதியதில் ஒருமுறை சேமித்த கோப்பைப் பழையது திறக்கவில்லை. பாயில் அமர்ந்திருந்த வித்துவான் ஒரு மணித்தியாலம் ஒன்றுமே சொல்லாமல் இருந்தார். பிறகு சீவாளியைக் கழற்றி, துணியில் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடினார். அந்தப் பெட்டி மூடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவருக்கு அன்று வேறு இரண்டு கோவில்களில் கச்சேரி இருந்தது.

அந்தப் பிளகின் மிகப் பழைய வடிவத்தில் எழுதப்பட்டது என்பது பின்னர்தான் தெரிந்தது. விஎஸ்டி 2 என்ற அந்தப் பழைய வடிவத்தில் பிளகின் எழுதுவதற்கான கருவித்தொகுப்பை வழங்குவதை, கியூபேஸைத் தயாரிக்கும் ஸ்டெயின்பேர்க் நிறுவனம் 2018இலேயே நிறுத்திவிட்டது. ஆப்பிளும் 2019இல் வெளியிட்ட கற்றலினா இயங்குதளத்தோடு 32 பிட் முறையில் எழுதப்பட்ட பழைய மென்பொருட்களைக் கைவிட்டது. இவ்வாறான கதவடைப்புகள் பல வருடங்களுக்கு முன்னரே அறிவிக்கப்படுகின்றன. வேலைக் களைப்பில் நாம் அவற்றை வாசிப்பதில்லை. அப்டேட் செய்யத்தான் வேண்டுமென்றால், முதலில் முழுக் கோப்புறையையும் வெளி வன்தட்டுக்குப் பிரதி எடுங்கள். பழைய பதிப்பின் நிறுவல் கோப்பையும் அதே வன்தட்டில் வையுங்கள். பதிந்த தடங்களை வெறும் வேவ் கோப்புகளாகவும் ஏற்றுமதி செய்து வையுங்கள். வேவ் கோப்பை எந்த மென்பொருளும் எந்தக் காலத்திலும் திறக்கும்.

கேள்வி: எப்எல் ஸ்டூடியோவின் புரூட்டி பதிப்பை வாங்கினேன். பாடகரின் குரலைப் பதிய முடியவில்லை. அடுத்த அப்டேட்டில் இந்த வசதி வருமா? – வாசகர், கிண்ணியா

பதில்: வராது. குரல் பதிய வேண்டுமானால் புரொடியூசர் பதிப்பு வேண்டும் என்பது, வாங்கும் பக்கத்திலேயே பதிப்புகளை ஒப்பிடும் அட்டவணையில் இருக்கிறது. வித்தியாசத் தொகையைச் செலுத்தி மேல் பதிப்புக்கு மாறலாம் என்பதால் உங்கள் காசு முழுவதும் வீணாகவில்லை. ஆனால் இதே கேள்வி எனக்கு வருவது இது முதல் தடவை அல்ல. அந்த மென்பொருளை இலவசமாகவே தரவிறக்கிப் பரீட்சித்துப் பார்க்கலாம். சேமித்த கோப்பை மீண்டும் திறக்க முடியாது என்பதே அதிலுள்ள பெரிய கட்டுப்பாடு. அரிசி வாங்கும்போது ஒரு பிடியைக் கையில் எடுத்துப் பார்க்கும் நீங்கள், இத்தனை ஆயிரம் ரூபாய் கொடுக்கும்போது ஓர் அட்டவணையைக்கூட வாசிக்காமல் விடுவது எப்படி?

கேள்வி: ‘வாழ்நாள் முழுவதும் இலவச அப்டேட்’ என்கிறார்களே, யாருடைய வாழ்நாள்? – வாசகர், நிலாவெளி

பதில்: நிறுவனத்தின் வாழ்நாள். எப்எல் ஸ்டூடியோ இந்த வாக்கை இருபது வருடங்களுக்கு மேலாகக் காப்பாற்றி வருகிறது என்பதை மரியாதையோடு சொல்ல வேண்டும். மறுபக்கத்தில், கேக்வோக் நிறுவனம் தன் சோனார் மென்பொருளுக்கு 2016இல் வாழ்நாள் அப்டேட் என்று விற்றது. அதன் உரிமையாளரான கிப்சன் 2017 நவம்பரில் அந்த மென்பொருள் வேலையையே நிறுத்திவிட்டது. 2018இல் பேண்ட்லாப் என்ற நிறுவனம் அதை எடுத்து இலவசமாகத் தந்திராவிட்டால், நம்பிக் காசு கொடுத்தவர்கள் முற்றாகவே கைவிடப்பட்டிருப்பார்கள்.

கேள்வி: முகநூல் பக்கம் ஒன்றில் ‘அசல் உரிமம், ஆயுள் அப்டேட்’ என்று 12,000 ரூபாய்க்கு வாங்கினேன். வங்கிக் கணக்குக்குக் காசு அனுப்பினேன். ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்தார்கள். ஆறு வாரம் நன்றாக வேலை செய்தது. அப்டேட் ஒன்று வந்த அன்று கணக்கு முடக்கப்பட்டது. அந்தப் பக்கத்தில் என்னையும் தடுத்துவிட்டார்கள். அம்மாவின் தையல் காசு அது. – மாணவர், மூதூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இதில் உங்கள் பிழை மிகச் சிறியது. உங்களை ஏமாற்றியவரின் பிழை பெரியது. வேறொருவரின் ஒரே கணக்கைப் பலருக்குப் பங்குபோட்டு விற்றிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரே உரிமம் பல கணினிகளில் இயங்குவதை அப்டேட்டின்போது நிறுவனங்கள் கண்டுபிடித்து முடக்குவது வழமை.

இன்றே செய்ய வேண்டியவை இவை. அந்தப் பக்கத்தின் விளம்பரத்தையும் உங்கள் உரையாடலையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். தடுக்கப்பட்டிருப்பதால் விளம்பரத்தை நண்பரின் கைப்பேசியில் பார்த்துப் பிடிக்கலாம். வங்கியில் பணம் செலுத்திய பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், பணம் போன கணக்கின் மீது எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் போய்ச் சேரவும் வேண்டும். உங்களுக்கு ஆறு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே இந்தக் கிழமையைத் தாண்ட விடாதீர்கள். பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாட்டைப் பதிந்து பிரதி வாங்கி வையுங்கள். காசு முழுவதும் திரும்பும் என்று உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. ஆனால் எழுத்தில் இருக்கும் முறைப்பாடு, அடுத்த பிள்ளையை அந்த ஆளிடமிருந்து காப்பாற்றக்கூடும்.

வேலை நிற்கக்கூடாது அல்லவா? ரீப்பரை நிறுவனத்தின் தளத்திலிருந்தே தரவிறக்கி 60 நாட்கள் முழு வசதிகளோடும் பரீட்சித்துப் பார்க்கலாம். தனிப்பட்ட பாவனைக்கான உரிமம் 60 டொலர். டொலர் 300 ரூபாயாக இருக்கும்போது அது 18,000 ரூபாய். ஏபிள்டன் மாணவர்களுக்கு 40 வீதத் தள்ளுபடி தருகிறது. உங்கள் மாணவர் அடையாள அட்டையை அனுப்பிக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனக்குக் கைப்பேசி டேட்டா மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு அப்டேட்டும் ஜிபி கணக்கில் இழுக்கிறது. – வாசகர், சாம்பல்தீவு

பதில்: தானியங்கி அப்டேட்டை முதலில் நிறுத்துங்கள். மென்பொருளையும் அதோடு வரும் ஒலிக் களஞ்சியத்தையும் பிரித்துத் தரும் நிறுவனங்களில், களஞ்சியத்தைத் தொடாமல் மென்பொருளை மட்டும் புதுப்பிக்கலாம். பிழை உங்கள் வேலையைப் பாதிக்காதவரை, நான்கு அப்டேட்டுகளுக்கு ஒருமுறை நகருக்கு வரும்போது பைபர் இணைப்பு உள்ள நண்பர் வீட்டில் தரவிறக்கிப் பென் டிரைவில் கொண்டு போங்கள்.

கேள்வி: ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் ஓடியோ இன்டர்பேஸ் ஒன்று பாதி விலையில் வருகிறது. எடுக்கலாமா? – வாசகர், தம்பலகாமம்

பதில்: நானும் ஒருமுறை பாதி விலையில் எடுத்தேன். எடுத்த அடுத்த வருடம் விண்டோஸ் மாறியது. அதைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருளின் புதிய வடிவத்தைத் தயாரித்தவர்கள் வெளியிடவே இல்லை. நல்ல உலோகப் பெட்டி, பழுதில்லாத இரண்டு ஒலிவாங்கித் துளைகள், கணினியோடு பேச வழியில்லாமல் என் அலுமாரியில் இருக்கின்றன. விற்றவர் அது நிறுத்தப்பட்ட மொடல் என்பதை அறிந்தே விற்றிருந்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாங்க முன்னர் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மொடலின் டிரைவர் பக்கத்துக்குப் போய், கடைசி டிரைவர் வெளிவந்த திகதியைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். எடுத்தால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தர வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை.

கேள்வி: புதிய பதிப்பு அடுத்த மாதம் வருமென்று கேள்விப்பட்டேன். இப்போதே வாங்கலாமா, காத்திருக்கலாமா? – வாசகர், உப்புவெளி

பதில்: சலுகைக் காலம் உண்டா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஸ்டெயின்பேர்க் போன்றவர்கள், புதிய பதிப்புக்குச் சற்று முன்னர் உரிமத்தைச் செயற்படுத்தியவர்களுக்குப் புதியதை இலவசமாகத் தருகிறார்கள். பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள்.