ஏர்க்குதிரையின் வயிறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிராகன்கள் வாழும் உலகம் ஒன்றை வைத்து மிகைபுனைவு நாவல் எழுதுகிறேன். நாயகன் உழவன். தன் ஏர்க்குதிரையிலேயே ஏறிப் போருக்குப் போகிறான். ஏர்க்குதிரை போர்க்களத்தில் நிற்குமா? அதற்கு என்ன பெயர் வைக்கலாம்? மூன்றாம் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். அதில் படை குதிரை வண்டிகளோடு 40 நாள் நடந்து பாலைவனத்தைக் கடக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாகவே ஒரு குதிரையின் நினைவு என்னை விடவில்லை. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பெயர் உங்கள் விருப்பம். போர்க்களத்தில் நிற்குமா என்றால், பழக்கினால் நிற்கும். இடைக்கால இங்கிலாந்தின் குதிரை எலும்புகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, அன்றைய போர்க்குதிரைகளில் பெரும்பாலானவை இன்றைய போனி என்னும் சின்னக் குதிரையின் அளவே இருந்தன என்கிறது. ஷயர் போன்ற ராட்சதக் குதிரைகள் பிற்காலத்தில் பாரம் இழுக்கவென்றே வளர்த்தெடுக்கப்பட்டவை. உங்கள் உலகில் பெரிதாகவே இருக்கட்டும்.

ஆனால் மூன்றாம் அத்தியாயம் எனக்குக் கோபமூட்டியது. டிராகன் இரை தின்பதற்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். 40 நாளில் ஒரு குதிரைகூட ஒரு வாய் புல் தின்னவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 800 கிலோ எடையுள்ள இழுவைக் குதிரை, புல்லும் தானியமுமாக நாளுக்கு 16 கிலோவாவது தின்னும். 50 லிட்டர் தண்ணீர் குடிக்கும், பாலைவன வெயிலில் இன்னும் கூடுதலாக. இரண்டு குதிரைக்கு நாளொன்றுக்கு 130 கிலோவுக்கு மேல். அவை இழுக்கும் வண்டியில் ஒரு டன் ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். ஈட்டி, கூடாரம், வீரர்களின் சாப்பாடு எதுவுமே ஏற்றாவிட்டாலும் எட்டாம் நாள் வண்டி காலி. இன்னொரு வண்டி சேர்த்தால் அதற்கும் இரண்டு குதிரை, நான்கு வாய் ஆகிவிட்டது. மந்திரவாதி தண்ணீர் வரவழைப்பான் என்பீர்கள். சரி, அப்படியானால் அந்தப் படையில் தளபதியைவிட அவன்தான் பெரியவன். எதிரி முதலில் அவனைத்தானே கொல்லப் பார்ப்பான்? அதையும் நீங்கள் யோசிக்கவில்லை.

மாடு அசைபோடும், மட்டமான வைக்கோலிலும் தாக்குப்பிடிக்கும், ஆனால் மெதுவாக நடக்கும். குதிரைக்கு இரைப்பை சிறியது. கொஞ்சம் கொஞ்சமாக, நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டிய உடம்பு அது. பகலெல்லாம் வண்டியில் பூட்டினால் எப்போது மேயும்? அதற்காகத்தான் தானியம். அதையும் ஒரேயடியாகக் கொட்டிவிட முடியாது.

எனக்குப் பத்து வயதிருக்கும். எங்களுக்குத் தெரிந்த வண்டிக்காரர் ஒருவர், நாள் முழுக்கப் பாரம் இழுத்துக் களைத்து வந்த குதிரைக்குப் பாசத்தில் ஒரு தொட்டி நிறையத் தானியம் வைத்தார். ராத்திரி அது வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, காலால் தரையைக் கீறியது, படுத்துப் புரண்டது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. எனக்கு அது அன்றுதான் தெரியும். அவர் கயிற்றைப் பிடித்து அதை நடத்திக்கொண்டே இருந்தார், விடியும்வரை. விடிந்தபோது அது எழவில்லை. கழுத்துவளையம் அழுத்தி முடி உதிர்ந்திருந்த தோளின் மேல் கையை வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் உழவன் ஓரிடத்தில் குதிரையின் நெற்றியைத் தடவுகிறான். அருமையான இடம். அப்படித் தடவத் தெரிந்தவனுக்கு அதன் பசி தெரியாமல் போகுமா? எட்டாம் நாள் இரவு, காலி வண்டிக்குப் பக்கத்தில் அவன் என்ன செய்கிறான்? எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.