கேள்வி – பதில்: பீடமில்லாத சபைக்கூடம்

கேள்வி: இங்கிலாந்தில் பணிபுரியும் என் மகளின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, லண்டனுக்கு வடமேற்கே பக்கிங்ஹாம்ஷயரில் ஜோர்டன்ஸ் என்னும் சிற்றூரில் பழைய செங்கல் கட்டடம் ஒன்றைக் காட்டினார்கள். குவேக்கர்களின் வழிபாட்டிடம் என்றார்கள். சிலுவையோ பீடமோ மணிக்கூண்டோ இல்லை; நம் பக்கத்து ஓட்டு வீடு போலத்தான் இருந்தது. அதைத் தேவாலயம் என்று சொல்லலாமா? அதன் வரலாறு என்ன?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காவேரிப்பட்டணம்

பதில்: கிறித்தவத்தின் ஒரு பிரிவினரான குவேக்கர்களிடம் கேட்டால் அது தேவாலயம் இல்லை என்றுதான் சொல்வார்கள். கூடுகிற மனிதர்களே சபை என்பதும், எந்தக் கட்டடத்துக்கும் தனிப் புனிதம் கிடையாது என்பதும் அவர்கள் கொள்கை. நீங்கள் பார்த்தது சபைக்கூடம் மட்டுமே. சபை அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மூத்தது.

நெசவாளர் ஒருவரின் மகனாக லெஸ்டர்ஷயரில் 1624ஆம் ஆண்டு பிறந்து, செருப்புத் தைக்கும் தொழில் பழகிய ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர், ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது, அதை உணர்வதற்குக் குருவும் சடங்கும் தேவையில்லை என்று ஊர் ஊராகச் சென்று பேசத் தொடங்கியதிலிருந்து இந்த இயக்கம் பிறந்தது. 1650களின் இறுதியில் ஜோர்டன்ஸிலும் சிலர் இக்கருத்தை ஏற்று, வில்லியம் ரசல் என்ற குடியானவரின் பண்ணை வீட்டில் கூடலாயினர். சட்டம் அவர்களுக்கு எதிராக இருந்தது. ஒரு குடும்பத்தாரைத் தவிர ஐந்து பேருக்கு மேல், அரசுத் திருச்சபையின் முறைக்குப் புறம்பாக வழிபாட்டுக்குக் கூடினால் தண்டனை என்று 1664ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 1670இல் வந்த அடுத்த சட்டம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. வசூலாகும் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கைத் துப்புக் கொடுத்தவருக்கே தந்துவிட்டது. அண்டை வீட்டாரை உளவாளியாக்க இதைவிட மலிவான வழி இருக்க முடியாது.

ஜோர்டன்ஸ் வட்டாரத்தில் முக்கியமானவராக இருந்த ஐசக் பெனிங்டன், ஏல்ஸ்பரி சிறைக்குப் பலமுறை சென்று வந்தவர். அவருடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த தாமஸ் எல்வுட்தான், கண்பார்வை இழந்த கவிஞர் மில்டனுக்கு நூல்களை வாசித்துக் காட்டியவர். 1665இல் லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது மில்டன் தங்குவதற்கு அருகிலுள்ள சால்ஃபான்ட் செயின்ட் ஜைல்ஸில் வீடு பார்த்துக் கொடுத்தவரும் அவரே. பெனிங்டனின் வளர்ப்பு மகள் குலியெல்மாவைத்தான் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் மணந்தார்.

இந்தச் சபை முதலில் வாங்கிய சொத்து இடுகாடு என்பது கவனிக்கத்தக்கது. 1671இல் நிலம் வாங்கி இறந்தவர்களுக்கு இடம் தேடிக்கொண்டவர்கள், உயிரோடு இருப்பவர்கள் உட்காருவதற்குக் கூரை போட 1688 வரை காத்திருந்தார்கள். வழிபாட்டுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் 1687இல் அறிவிப்பு வெளியிட்ட பிறகே கூடம் கட்டும் துணிவு வந்தது. கல்லறை இருக்கும் இடத்தைப் பெயர் பொறித்துக் காட்டுவது தற்பெருமை என்று ஆதி குவேக்கர்கள் கருதியதால், பென்னும் அவருடைய இரு மனைவியரும் புதைக்கப்பட்ட அந்த இடத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சிறு நடுகற்கள் மிகவும் பிற்காலத்தில் வைக்கப்பட்டவை.

உள்ளே சுவரோரம் மரப்பலகை அடித்திருக்கும்; சாய்மானமுள்ள எளிய மர பெஞ்சுகள் போட்டிருக்கும். அங்கே உட்கார்ந்து அனைவரும் மௌனமாக இருப்பதே வழிபாடு. உள்ளுந்துதல் ஏற்பட்ட எவரும், ஆணோ பெண்ணோ, எழுந்து சில வார்த்தைகள் பேசலாம். எவரும் பேசாமலே ஒரு மணி நேரம் கடந்துவிடுவதும் உண்டு. இறுதியில் மூத்தவர் இருவர் கைகுலுக்கிக்கொண்டால் வழிபாடு முடிந்தது என்று பொருள். 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஏற்பட்ட தீ விபத்தில் கூரை பெரும்பாலும் அழிந்தது. பழைய செங்கல் சுவர்களும் பலகைகளும் பெஞ்சுகளும் பெருமளவு தப்பியதால், கட்டடத்தைச் சீரமைத்து மீண்டும் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். ஆகவே நீங்கள் பார்த்த கூரைக்கு வயது குறைவு.

கேள்வி: நீதிமன்றத்தில் கடவுள் பெயரால் சத்தியம் செய்ய விரும்பாதவர், உளமார உறுதி கூறலாம் என்ற முறைக்குக் குவேக்கர்கள்தான் காரணமா?
– வழக்கறிஞர், தருமபுரி

பதில்: பெரும்பங்கு அவர்களுடையது. 'சத்தியம் பண்ணவேண்டாம், உள்ளதை உள்ளது என்றும் இல்லதை இல்லது என்றும் சொல்லுங்கள்' என்ற மலைப்பிரசங்க வசனத்தை அவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். சத்தியம் செய்தால் மட்டும் உண்மை பேசுவேன் என்பது மற்ற நேரத்தில் பொய் சொல்வேன் என்றாகாதா என்பது அவர்கள் வாதம். இதற்காகவே பலர் சிறைப்பட்டனர். சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூற 1696இல் ஆங்கிலேயச் சட்டம் குவேக்கர்களை அனுமதித்தது. நம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள, கடவுள் பெயரால் ஆணையிடுவது, உளமார உறுதி கூறுவது என்ற இரு வழிகளுக்கும் அத்தகைய முன்மாதிரிகள் உண்டு.

உங்கள் தொழிலுக்கு இதைவிட நெருக்கமான இன்னொரு செய்தி இருக்கிறது. 1670இல் லண்டனின் கிரேஸ்சர்ச் தெருவிலிருந்த சபைக்கூடத்தைப் படைவீரர்கள் பூட்டிவிட்டதால், வில்லியம் பென் வாசலில், தெருவிலேயே நின்று பேசினார். கலகக் கூட்டம் கூட்டியதாக அவர்மீதும் வில்லியம் மீட் என்பவர்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. ஜூரிகள் தண்டிக்க மறுத்தார்கள். உணவும் நீரும் இல்லாமல் அடைத்து வைத்தும் அவர்கள் தீர்ப்பை மாற்றவில்லை என்றதும் அபராதம் விதித்துச் சிறையில் தள்ளினார்கள். அவர்களுள் ஒருவரான எட்வர்ட் புஷல் தொடுத்த மனுவில்தான், அளித்த தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்று தலைமை நீதிபதி வாகன் தீர்ப்பளித்தார்.

கேள்வி: கடையில் விற்கும் குவேக்கர் ஓட்ஸ் இவர்களுடைய நிறுவனத்தின் தயாரிப்பா?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

பதில்: இல்லை. நேர்மைக்குப் பெயர்பெற்றவர்கள் என்பதால் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையான குவேக்கர் குடும்பம் வேண்டுமென்றால் கேட்பரி சாக்லேட் உறையைப் பாருங்கள்.

கேள்வி: போதகர் இல்லை என்றால் திருமணத்தை யார் நடத்தி வைப்பார்கள்? சபையின் வரவு செலவையும் சச்சரவுகளையும் யார் தீர்ப்பது?
– சுய உதவிக் குழுப் பொறுப்பாளர், ஊத்தங்கரை

பதில்: திருமணத்தை யாரும் நடத்தி வைப்பதில்லை. மௌனமாக அமர்ந்திருக்கும் சபை நடுவே மணமக்கள் எழுந்து, கைகோத்து, ஒருவரையொருவர் ஏற்பதாகத் தாமே கூறுவார்கள். பிறகு வந்திருக்கும் அனைவரும், சிறுவர்கள் உட்பட, சான்றிதழில் கையெழுத்திடுவார்கள். அரசுத் திருச்சபையின் ஆலயத்தில் நடக்காத திருமணம் செல்லாது என்று 1753இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தபோதும், குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது.

நிர்வாகம்தான் உங்களுக்குப் பயன்படும் பகுதி. அவர்கள் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. ஒரு பொருளைப் பற்றி வேண்டியவர்கள் பேசுவார்கள்; கருத்துகள் ஒருமுகப்படுவதாகத் தோன்றும்போது, எழுத்தர் பொறுப்பில் இருப்பவர் அங்கேயே அதைக் குறிப்பாக எழுதி உரக்கப் படிப்பார்; திருத்தம் சொன்னால் திருத்தி, எல்லோரும் ஒப்பிய பிறகே அடுத்த பொருளுக்குப் போவார்கள். ஒப்பாவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பார்கள். அடிமைகளை வைத்திருப்பதைக் கைவிடும் முடிவுக்கு அமெரிக்கச் சபைகள் வர ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தாமதம் அடிமைகளுக்கு இழைத்த அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பெண்களுக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே தனி நிர்வாகக் கூட்டம் இருந்தது. பல பழைய சபைக்கூடங்களில் நடுவே மரத்தடுப்பு இருப்பது அதற்காகவே: வழிபாட்டின்போது தடுப்பைத் திறந்துவிடுவார்கள், நிர்வாகத்தின்போது மூடுவார்கள். இக்கூட்டங்களின் பதிவேடுகளைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிற தெய்வங்களின் பெயர் கொண்ட மாதங்களை அவர்கள் எண்ணால் குறித்தார்கள். அங்கே 1752க்கு முன்பு மார்ச்சே முதல் மாதம் என்பதால், 'ஏழாம் மாதம்' என்றால் செப்டம்பர்.

கேள்வி: நம் பகுதியில் இவர்கள் பணி செய்ததுண்டா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: கிருஷ்ணகிரியில் அமெரிக்க மிசௌரி லுத்தரன் மிஷன் 1895இல் பணி தொடங்கியது, அதற்கும் முன்பே, 1827 முதல், பழைய சேலம் மாவட்டத்தில் லண்டன் மிஷன் இருந்தது. குவேக்கர்களின் இந்தியப் பணி வேறு திசையில் வளர்ந்தது. ரேச்சல் மெட்காஃப் என்ற பெண்மணி 1866இல் காசிக்கு வந்தார். பின்னர் மத்திய இந்தியாவின் ஹோஷங்காபாத், இட்டார்சி வட்டாரமே அவர்களின் மையமாயிற்று. வங்கப் பஞ்சத்தின்போதும் அவர்களது நிவாரணக் குழுவினர் பணியாற்றினர்.

தமிழகத்துக்கு நெருக்கமானவர் மார்ஜரி சைக்ஸ். 1928இல் சென்னை வேப்பேரியிலுள்ள பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, தமிழ் கற்று, பின்னர் சாந்திநிகேதனிலும் சேவாகிராமத்திலும் பணிபுரிந்தார். காந்தியின் ஆதாரக் கல்விப் பணியில் முக்கியப் பங்கு வகித்தார். பிற்காலத்தில் நீலகிரியில் கோத்தகிரியிலும் வாழ்ந்தார். பெரிய கட்டடம் எதையும் அவர் இங்கே எழுப்பவில்லை. மௌன வழிபாட்டுக்கு ஓர் அறையும் சில நாற்காலிகளுமே போதும்.