குரல் மாறும், அடி மாறாது

ஐயா,

வணக்கம். போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஆறு விஎச்எஸ் கேசட்டுகள் கிடைத்தன. சுட்டி டிவியில் ஜாக்கி சான் கார்ட்டூன் தமிழில் ஓடிய காலத்தில், அப்பா பழைய விசிஆரில் எனக்காகப் பதிந்து வைத்தவை. விசிஆரும் இருக்கிறது, ஓடுமா தெரியவில்லை. இங்கே ஒரு கடையில் காட்டினேன். கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “பூசணம் பூத்திருக்கு, படம் தேறாது, தூக்கிப் போடுங்க” என்றார்கள்.

என் மகனுக்கு எட்டு வயது. அவனோடு உட்கார்ந்து ‘எக்ஸ்-மென் 97’, புது ஹீ-மேன் எல்லாம் பார்த்தேன். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், ஆனாலும் மனதில் ஒட்டவில்லை. எனக்கு வயதாகிவிட்டதா, அவற்றில் ஏதாவது குறைகிறதா? கேசட்டுகளைக் காப்பாற்ற வழி உண்டா?

ச., மன்னார்குடி

அன்புள்ள ச.,

கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கடைக்காரர் படத்தைப் பற்றிச் சொன்னது சரியாகவே இருக்கலாம். போனால் போகட்டும். 2000 முதல் 2005 வரை வந்த அந்தத் தொடரின் படம், உங்கள் கேசட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு தெளிவாக வெளியே கிடைக்கும். நீங்கள் கேட்டு வளர்ந்த தமிழ்க் குரல்தான் அந்த டேப்பில் இருக்கும் சொத்து. உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் அந்தக் குரலில்தான் இருக்கிறது.

‘எக்ஸ்-மென் 97’ எடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழைய தொடர் 1997இல் முடிந்தது, புதியது 2024இல் வந்தது. இடையில் 27 வருடம். ஆனாலும் வுல்வரினுக்குப் பேசிய கால் டாட், ரோகுக்குப் பேசிய லெனோர் ஜான், ஸ்டார்முக்குப் பேசிய அலிசன் சீலி-ஸ்மித் என்று பழைய ஆட்களையே தேடிப் பிடித்துப் பேச வைத்தார்கள். ‘சாமுராய் ஜாக்’ 2017இல் திரும்பி வந்தபோது, அசுரன் ஆக்குவுக்குப் பேசிய மாக்கோ உயிரோடு இல்லை, 2006இலேயே காலமாகிவிட்டார். கிரெக் பால்ட்வின் அந்தக் குரலை ஒட்டியே பேசினார். இந்த மெனக்கெடல் எல்லாம் ஆங்கிலத்தில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு. கால் டாடின் உறுமல் கேட்டு டொரான்டோக்காரருக்குப் புல்லரிக்கும், மன்னார்குடிக்காரருக்கு அவர் யாரோ. உங்கள் ஜாக்கி சானுக்குத் தமிழில் பேசியவரை எந்த மறுவருகையும் கூப்பிடப் போவதில்லை. (ஆங்கிலத்திலும் ஜாக்கிக்குப் பேசியது ஜாக்கி சான் இல்லை, ஜேம்ஸ் சீ என்பவர். நிஜ ஜாக்கி, அத்தியாயத்தின் கடைசியில் வந்து பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதோடு சரி. ஆகவே ‘அசல் குரல்’ என்று யாராவது உங்களை மட்டம் தட்டினால் இதைச் சொல்லுங்கள்.)

இன்னொன்றும் உண்டு. 1983இல் வந்த ஹீ-மேன் மொத்தம் 130 அத்தியாயம், இரண்டு சீசனுக்கும் 65 வீதம். வாரம் ஐந்து நாள் போட்டால் 65 என்பது பதின்மூன்று வாரத்துக்கு வரும். அவ்வளவையும் கட்டுப்படியாகிற செலவில் எடுக்க ஃபிலிமேஷன் நிறுவனம் வரைந்த காட்சிகளையே திரும்பத் திரும்பப் போட்டது. வாளைத் தூக்கி உருமாறும் காட்சி ஒரு கோடு மாறாமல் அப்படியே வரும். சிக்கனத்துக்காகச் செய்ததுதான். ஆனால் சாமி புறப்பாட்டுக்கு நாயனத்தில் மல்லாரி மாதிரி, அது வந்தால்தான் இனிமேல் காரியம் நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரியும். ஒவ்வொரு அத்தியாயமும் அரை மணிக்குள் முடிந்தும்விடும். சாயங்காலம் கரண்ட் போய் ஒன்று தவறினாலும் மறுநாள் கதை புரியாமல் போகாது. இன்றைய மறுவருகைகள் பத்து அத்தியாயத்தை ஒரே கதையாக நீட்டுகின்றன, இரண்டாவதைத் தவறவிட்டவன் ஐந்தாவதில் திருதிருவென்று விழிப்பான். பெரியவர்களுக்கு இது பிடித்திருக்கிறது. என் கணக்கில், எட்டு வயதுக்குப் பழைய முறையே தோது.

இனி கேசட்.

விஎச்எஸ் டேப்பின் அகலம் 12.65 மிமீ. படம் நடுவில் சாய்கோடுகளாகப் பதிகிறது. சாதாரண மோனோ விசிஆரில் ஒலி, டேப்பின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் பட்டையாக நீளவாக்கில் ஓடுகிறது. பூசணம் முதலில் பிடிப்பதும் விளிம்பில்தான், ஏனென்றால் சுற்றிய டேப்பில் காற்று படும் இடம் அது ஒன்றுதான். அதாவது நமக்கு வேண்டிய குரல் சரியாக ஆபத்தின் வாயில் உட்கார்ந்திருக்கிறது. இப்படியே இன்னும் இரண்டு மழைக்காலம் பரணில் கிடந்தால் படம் மிஞ்சிக் குரல் போனாலும் ஆச்சரியமில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையில் இறங்க வேண்டாம். டெல்டாவின் அந்த ஈரக்காற்றில் விசிஆரின் ட்ரம்மில், அதாவது டேப் சுற்றி ஓடும் உலோக உருளையில், பனி கோத்து டேப் ஒட்டிக்கொள்ளும். சில விசிஆர்கள் அதை உணர்ந்து ஓடவே மறுக்கும். மாசி, பங்குனி தோது. அதற்காகச் சித்திரை வெயிலில் வடகம் மாதிரிக் காயப் போட்டுவிடாதீர்கள், டேப் சுருங்கி விளிம்பு அலை அலையாகிவிடும். அரிசி டின்னில் புதைத்து வைக்கச் சொல்பவர்களும் உண்டு. தவிட்டுத் தூசி உள்ளே போனால் அது பூசணத்தைவிட மோசம். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு வாரம் வையுங்கள். ஈரமான பூசணம் பிசுக்காக ஒட்டும், காய்ந்தது பொடியாக உதிரும். உதிர்கிற நிலைக்கு வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

அதுவரை எந்தக் கேசட்டையும் விசிஆரில் போடாதீர்கள். பொடி ட்ரம்மில் அப்பி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும்.

சுத்தம் செய்வதை வீட்டுக்கு வெளியே, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, பையனை அருகில் விடாமல் செய்யுங்கள். கேசட்டைக் கவிழ்த்தால் ஐந்து ஸ்க்ரூ தெரியும், நான்கு மூலையிலும் நடுவிலும். கழற்றியதும் இரு பாதியையும் சேர்த்துப் பிடித்தபடி நிமிர்த்தி, மேல் மூடியைத் தூக்க வேண்டும். சும்மா பிரித்தால் ரீல் பிரேக்கின் சின்ன ஸ்பிரிங் தெறித்துப் போகும். டேப் எந்த உருளைக்கு உள்ளே, எந்தக் கம்பிக்கு வெளியே போகிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மென்மையான பிரஷ்ஷால் இரண்டு ரீலின் பக்கவாட்டையும் தட்டிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியை மடித்து டேப்பை இரு பக்கமும் லேசாகப் பிடித்தபடி மற்றொரு ரீலுக்குக் கையால் சுற்றுங்கள். தண்ணீர், ஸ்பிரிட் எதுவும் டேப்பில் படக் கூடாது. ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கலாம். பிறகு ரீல்களை வேறு சுத்தமான கூட்டுக்கு மாற்றிவிடுங்கள். கூட்டுக்காகச் சொந்தக்காரர் கல்யாணக் கேசட்டைப் பிரிப்பதாக இருந்தால் முதலில் அவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது.

விசிஆரை வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்ததில் பெல்ட் தளர்ந்து டேப்பை மெல்லத் தொடங்கியிருக்கும், அந்த வாயில் ஜாக்கி சானைக் கொடுக்க வேண்டாம். ட்ரம்மைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள், 70 சதவீதச் சரக்கில் மீதி தண்ணீர். ஷாமாய் தோலை அதில் நனைத்து ட்ரம்மில் அசையாமல் வைத்துக்கொண்டு, மறு கையால் ட்ரம்மைச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் அதில் இருக்கும், படத்தைப் படிக்கிற வீடியோ ஹெட் உடைந்துவிடும். பஞ்சுக்குச்சியின் நூல் ஹெட்டில் மாட்டும், ஆகவே ட்ரம்மில் அது கூடாது. ட்ரம்முக்கு வலப்புறம் அசையாமல் நிற்கும் ஒலி ஹெட்டுக்குப் பஞ்சுக்குச்சி தாராளம். நமக்கு முக்கியம் இந்த ஹெட்தான்.

பாட்டு கேசட்டில் டேப் வினாடிக்கு 47.6 மிமீ ஓடுகிறது. விஎச்எஸ்ஸில் 23.39 மிமீ. மூன்று மணி கேசட்டில் ஆறு மணி நேரம் அடைக்க அப்பா எல்பி முறையில் பதிந்திருந்தால் அதிலும் பாதிதான். வேகம் குறையக் குறைய மேல் ஸ்தாயி மழுங்கும், ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். ட்ராக்கிங் குமிழைத் திருகுவதால் இது சரியாகாது, அது படத்துக்கு. ஒலி ஹெட்டின் சாய்வு சற்று மாறியிருக்கலாம். ஹெட்டின் அடித்தட்டில் இருக்கும் சாய்வு ஸ்க்ரூவை, பழைய நிலையை நகப் பூச்சால் குறித்துக்கொண்டு, எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பி, ‘ஸ’ எங்கே கூர்மையாகிறது என்று கேளுங்கள். அடிக்கடி தொடுகிற ஸ்க்ரூ இல்லை அது.

பதிவு சுலபம். விசிஆரின் வெள்ளை ஆர்சிஏ ஒலி வழியிலிருந்து லைன்-இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டுக்கு. லேப்டாப்பின் ஒற்றை ஓட்டை மைக்குக்கானது, அதில் சொருகினால் குரல் பிளந்து வரும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு 346 எம்பி, மூன்று மணி கேசட் ஒரு ஜிபியைச் சற்றுத் தாண்டும். உச்ச ஒலி கழித்தல் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். அடியில் ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் சார்ஜரைப் பிடுங்கி லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். முதல் ஓட்டத்திலேயே பதிவை ஓட விடுங்கள். பழைய டேப் இரண்டாம் தடவை அதே மாதிரி ஓடும் என்று உத்தரவாதம் இல்லை. விளம்பரங்களை மூலக் கோப்பில் வெட்ட வேண்டாம், தீபாவளித் தள்ளுபடியோ பொங்கல் வாழ்த்தோதான் பதிவு எந்த மாதத்தது என்று சொல்லும்.

படத்தோடு சேர்ப்பதுதான் சூட்சுமமான இடம். டப்பிங்கில் வசனம் மட்டும் மாறும். இசையும் சத்தங்களும் தனித் தடமாக வந்து அப்படியே கலக்கப்படும். குரல் மாறும், அடி மாறாது. ஆகவே தமிழ் ஒலியையும் ஆங்கில ஒலியையும் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் மேலும் கீழும் வைத்து, ஒலி அலையில் முதல் குத்து விழும் முள்ளையும் கடைசிக் குத்து விழும் முள்ளையும் கண்டுபிடியுங்கள். சண்டைக் கார்ட்டூனில் குத்துக்குப் பஞ்சமா?

இரண்டிலும் அந்த இடைவெளியை அளந்து, ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் வந்ததால் வகுத்துப் பாருங்கள். விடை ஒன்றை ஒட்டி வந்தால் நகர்த்தினாலே போதும். 1.04 வந்தால், வினாடிக்கு 24 படமாக இருந்ததை நம் ஊர் டிவிக்காக 25 ஆக வேகப்படுத்தி ஒளிபரப்பியிருக்கிறார்கள். 21 நிமிட அத்தியாயம் அப்போது சுமார் 50 வினாடி குறையும். தமிழ் ஒலிக்கு ‘டெம்போ’ மாற்றத்தில் கழித்தல் 4 கொடுங்கள். ‘ஸ்பீடு’ மாற்றத்தைத் தொடாதீர்கள். வேகப்படுத்திய படத்தைப் பார்த்து டப்பிங் கலைஞர்கள் இயல்பான குரலில் பேசியிருந்தால், ஸ்பீடு மாற்றம் அந்தக் குரலையும் சேர்த்துக் கட்டையாக்கிவிடும்.

முழு அத்தியாயத்தையும் ஒரே வீச்சில் பொருத்தினால் பாதியில் விலகும். விளம்பர இடைவெளியில் அப்பா பாஸ் பட்டனை அமுக்கி விடுவித்த ஒவ்வொரு முறையும் ஓரிரு வினாடி தொலைந்திருக்கும். கரண்ட் போய்ப் பதிவு அறுந்த இடமும் இருக்கலாம். இடைவெளிக்கு இடைவெளி துண்டாக்கித் தனித்தனியாகப் பொருத்துங்கள். தமிழ் இல்லாத வினாடிகளில் ஆங்கிலமே ஓடட்டும். படத்தை முறையாகக் காசு கொடுத்து வாங்குங்கள், சேர்த்ததை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் ஏற்றினால் உரிமைக்காரர்கள் வருவார்கள். பழைய டிவி படம் 4:3. புது டிவியின் ‘ஜூம்’ அதை அகலமாக்குகிறேன் என்று உயரத்தில் கால்வாசியை வெட்டும், ஜாக்கியின் உதை பாதி வெளியே போய்விடும். அதை அணைத்துவிடுங்கள்.

ஆறில் எது உங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லையோ அதை முதலில் எடுங்கள், கை அதில் பழகட்டும். கூடு மாற்றும்போது அப்பா எழுதி ஒட்டிய லேபிள் பழைய கூட்டோடு குப்பைக்குப் போய்விடப் போகிறது. அதைப் படம் எடுத்துக் கோப்போடு வையுங்கள், எந்த அத்தியாயம் எதில் என்று அதில்தானே இருக்கும்.