தனியாகப் பேசுகிறான், மனநோயா?

கேள்வி: 7-ஆம் வகுப்பு படிக்கும் என் மகன் கணக்குப் போடும்போது தனியாக முணுமுணுக்கிறான். திங்கட்கிழமை காலை ஆனால் வயிற்றுவலி என்கிறான். மாமியாரின் தம்பிக்கு மனநோய் இருந்தது, அதனால் பயமாக இருக்கிறது. வீடியோவில் சொன்னபடி தினமும் கண்ணாடி முன் ‘நான் வெற்றியாளன்’ என்று 21 முறை சொல்ல வைத்தேன், அழுகிறான். பக்கத்து வீட்டில் தந்த தூக்க மாத்திரையில் பாதியை இரண்டு நாள் கொடுத்தேன். போன வாரம் ‘நான் இல்லாட்டி உனக்கு நிம்மதிதானம்மா’ என்றான். எனக்கும் பீடி சுற்றும்போது ‘எல்லாம் என் தலையெழுத்து’ என்றுதான் வாயில் வருகிறது. நெஞ்சு படபடக்கிறது.
- ஒரு தாய், முக்கூடல்

பதில்: முணுமுணுப்பைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, ‘நான் இல்லாட்டி’ என்றதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே அம்மா. நான் பயப்படுவது அதற்குத்தான்.

இன்று இரவே அவன் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: “அன்னிக்கு அப்படிச் சொன்னியே, செத்துப்போகணும்னு தோணுதா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்படி ஆகாது, கேட்டால் பிள்ளைக்குப் பாரம் குறையும். திட்ட வேண்டாம், சத்தியம் வாங்க வேண்டாம், சொல்வதைக் கேளுங்கள். “ஆமா” என்றாலோ, பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாலோ தனியே விடாதீர்கள். மறுநாளே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரியில் பதற்றமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. வீட்டில் இருக்கும் மாத்திரை, எலி மருந்து, பூச்சிமருந்து எல்லாவற்றையும் இப்போதே பூட்டி வையுங்கள். அவன் “சும்மா சொன்னேன்” என்று சிரித்தாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவர் அவனைப் பார்த்துவிட வேண்டும்.

அந்தத் தூக்க மாத்திரையை இனி தொடாதீர்கள். அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்ததைப் பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பாதியாக உடைத்துக் கொடுக்க எப்படித்தான் மனசு வந்ததோ!

மாமியாரின் தம்பியை இதில் இழுக்க வேண்டாம். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்குப் போடுவது யோசிக்கும் வழி. விகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் இதை 1930-களிலேயே எழுதிவிட்டார். காதில் யாரோ பேசுவதாகச் சொல்லி அந்தக் குரலுக்கு அவன் பதில் பேசினால், அது வேறு விஷயம், காட்ட வேண்டும். வயிற்றுவலி ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை அல்லவா? அப்படியானால் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வாந்தி, எடை குறைதல் போன்றவை இருந்தால் வயிற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கண்ணாடிப் பாடத்தை நிறுத்துங்கள். தன்னைத் தாழ்வாக நினைப்பவர்கள் இப்படிப் புகழ் வாசகங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னால், சொல்லாதவர்களைவிட மோசமாகவே உணர்கிறார்கள் என்று 2009-இல் கனடா ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கணக்கில் தோற்று வந்த பையனிடம் ‘நான் வெற்றியாளன்’ என்று சொல்லச் சொன்னால், அது பொய் என்று அவனுக்கே தெரியுமே.

தனக்குத்தானே சொல்லிக்கொள்வது உண்மையாக, சின்னதாக இருக்கட்டும். “பின்னம் இன்னும் வரல. முதல் ரெண்டு கணக்கை மட்டும் பாப்போம்.” பரீட்சையில் கை நடுங்கினால் கூட்டாளிக்குச் சொல்வதுபோல் தன் பேரைச் சொல்லியே, “ஏல, பதறாத, மொதல்ல கேள்விய வாசி” என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளட்டும். ‘நான்’ என்பதை விட்டு இப்படிப் பேசினால் பதற்றம் ஓரளவு அடங்கும்.

ஆனால் இதை அவன் உங்களிடமிருந்துதான் கற்றுக்கொள்வான். நீங்கள் பீடித்தட்டை மடியில் வைத்துத் தலையெழுத்தை நோகும்போது பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறவன் அவன்தானே? கடையில் பீடியைக் கழித்துவிட்டால், “இன்னிக்குக் கொஞ்சம் போச்சு, நாளைக்கு இலையைப் பாத்து வெட்டணும்” என்று அவன் காதில் விழச் சொல்லுங்கள். வேறு பயிற்சி எதுவும் வேண்டாம்.

உங்கள் படபடப்பை நீங்களே மனசு என்று முடிவுகட்டாதீர்கள். ரத்தசோகையிலும் தைராய்டிலும்கூட அப்படி வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முதலில் பையனைக் காட்டிவிட்டு.