துறைத் தலைவர்களுக்கு ‘மனநிலைத் தேர்வு’ வைக்கலாமா?

கேள்வி: கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்களை வார்க்கும் பவுண்டரி ஒன்றை அப்பாவிடமிருந்து ஏற்று நடத்திவருகிறேன். தொழில்முனைவோர் கூட்டம் ஒன்றில், வயது வந்தவர்களின் மனவளர்ச்சிக் கோட்பாடு பற்றி ஒரு பயிற்சியாளர் பேசினார். பாதிதான் புரிந்தது என்றாலும், என் பன்னிரண்டு துறைத் தலைவர்களுக்கும் இது தேவை என்று தோன்றியது. அவர்களில் பெரும்பாலோர் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்து, தொழிலிலேயே மேலே வந்தவர்கள். எல்லோருக்கும் இணையவழித் தேர்வு வைத்து அவரவர் ‘நிலை’யைக் கண்டறிந்து, இரண்டு நாள் முகாமில் ஒரு நிலை உயர்த்தித் தருவதாக அவர் சொல்கிறார். மார்ச் மாதத்துக்குள் முடித்துவிடலாம் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? இல்லையென்றால் நானே அவர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

பதில்: தேர்வு வேண்டாம், முகாமும் வேண்டாம், முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். கோட்பாடு மட்டும் உங்களுக்குப் பயன்படும். அதை நீங்களே தமிழில் விளக்கிவிடலாம்.

குழந்தையின் சிந்தனை படிப்படியாக உருமாறுகிறது என்பதை சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே நீண்ட காலம் ஆராய்ந்து காட்டினார். ஆனால் அவருடைய படிகள் பதின்பருவத்தோடு முடிந்துவிட்டன. உயரம் நின்றுபோவது போல மனமும் இருபது வயதுக்கு மேல் நின்றுவிடும், அதன் பிறகு அனுபவம்தான் சேரும் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவில் உளவியலாளர் ஜேன் லோவிஞ்சரும், அவருக்குப் பின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கீகனும் அந்த எண்ணத்தை மறுத்தார்கள். வயது வந்த பிறகும் ஒருவர் உலகைப் புரிந்துகொள்ளும் விதமே மாறக்கூடும் என்பதுதான் கீகன் 1982-ல் வெளியிட்ட நூலின் சாரம். 1994-ல் வந்த அடுத்த நூலில், இன்றைய வேலையும் குடும்பமும் நம்மிடம் கேட்கும் மனமுதிர்ச்சி, நம்மில் பலரிடம் இருப்பதைவிட அதிகம் என்று வாதிட்டார். உங்கள் பிரச்சினைக்கு வரலாறு இவ்வளவு போதும்.

கீகனின் கோட்பாட்டில் வரும் ‘சப்ஜெக்ட்’, ‘ஆப்ஜெக்ட்’ என்ற சொற்களை நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் ‘அகநிலை’, ‘புறநிலை’ என்று மொழிபெயர்த்துக் குழப்புகிறார்கள். பள்ளியில் படித்த இலக்கணமே போதும். ‘எனக்குக் கோபம் வந்தது’ என்கிறோம். அந்த வாக்கியத்தில் எழுவாய் கோபம். நீங்கள் வெறும் நான்காம் வேற்றுமை. கோபம் வருகிறது, வேலையைச் செய்கிறது, போகிறது. நீங்கள் அது வந்து போகும் இடம். ‘என் கோபத்தை நான் கவனித்தேன்’ என்னும்போது நீங்கள் எழுவாய் ஆகிவிடுகிறீர்கள். கோபம் செயப்படுபொருளாக எதிரே நிற்கிறது, அதைத் திருப்பிப் பார்க்கலாம், ஒதுக்கி வைக்கலாம், தேவையானால் பயன்படுத்தவும் செய்யலாம். நம்மை ஆட்டிவைத்த ஒன்று, நாம் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒன்றாக மாறுவதையே கீகன் வளர்ச்சி என்கிறார். (இந்த இலக்கணத்தை வைத்து யாரையும் எடைபோட்டுவிடாதீர்கள். எனக்கும் கோபம் ‘வரத்தான்’ செய்கிறது.)

கோபத்தின் இடத்தில் இப்போது ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பதை வைத்துப் பாருங்கள். அந்த நாலு பேரின் கருத்தே ஒருவருடைய மனசாட்சியாக இருக்கும் நிலையைக் கீகன் சமூகவயப்பட்ட மனம் என்கிறார். இந்த மனம் உள்ளவர் நம்பகமானவர், விசுவாசமானவர், முதலாளியின் முகக்குறிப்பை அறிந்து நடப்பவர். ஆனால் விற்பனைத் துறை ஒன்றைச் சொல்லி, தரக்கட்டுப்பாடு வேறொன்றைச் சொன்னால் இரண்டுக்கும் நடுவே திணறுவார். அடுத்த நிலையில், தனக்கென்று ஓர் அளவுகோலை உருவாக்கிக்கொண்டு, நாலு பேர் சொல்வதை அதில் வைத்து அளந்து பார்க்கும் மனம் வருகிறது. இதைத் தன்னைத் தானே எழுதிக்கொள்ளும் மனம் எனலாம். அதற்கும் அப்பால், தன் அளவுகோலையே சந்தேகிக்க முடிந்த மனம் ஒன்று உண்டு. அது அரிது, உங்கள் பவுண்டரிக்கு இப்போதைக்கு அவசரமும் இல்லை.

இதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் ஏணி நினைவுக்கு வருகிறது, வணிகமும் அங்கேதான் தொடங்குகிறது. டேவிட் ரூக், வில்லியம் டார்பெர்ட் ஆகிய இருவர் 2005-ல் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ’ இதழில் எழுதிய கட்டுரை, தலைவர்களை ஏழு வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சதவீதம் கொடுத்தது: ‘நிபுணர்’ வகையில் 38%, ‘சாதிப்பவர்’ வகையில் 30%, மேல் இரண்டு வகைகளையும் சேர்த்தால் 5%. பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களில் எடுக்கப்பட்ட கணக்கு அது. அதையே படக்காட்சியில் போட்டு, ‘உங்கள் மேலாளர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட மேலே இல்லை’ என்று கோவையில் பயமுறுத்துகிறார்கள். உங்கள் பயிற்சியாளரும் அந்தப் படத்தைக் காட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன். உங்களிடம் இருப்பது பன்னிரண்டு பேர். அவர்களைச் சதவீதமாக்கிப் பார்ப்பதில் ஒரு பொருளும் இல்லை.

இனி அந்தத் தேர்வு. கீகனின் குழு உருவாக்கிய அளவீடு ஒரு நேர்காணல். ‘கோபம்’, ‘வெற்றி’, ‘மாற்றம்’ போன்ற சொற்கள் எழுதிய பத்து அட்டைகளைக் கொடுத்து, அண்மையில் நடந்த சம்பவங்களைச் சொல்லவைத்து, ‘அதில் உங்களுக்கு எது முக்கியமாகப் பட்டது, ஏன்’ என்று தோண்டிக்கொண்டே போவார்கள். ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். பேச்சு முழுவதையும் ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கி, முறையாகப் பயின்றவர் அதை வரிவரியாகப் படித்துத்தான் நிலையைச் சொல்வார். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசி முடிக்கவே பதினெட்டு மணி நேரம் தேவைப்படலாம் என்றால், கைப்பேசியில் இருபது நிமிடம் ‘ஆம்’, ‘இல்லை’ தட்டி வரும் மதிப்பெண் எதை அளந்திருக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

லோவிஞ்சரின் வழி வேறு. 36 அரைகுறை வாக்கியங்களைக் கொடுத்து நிரப்பச் சொல்வது அவர் முறை; பின்னால் வந்த பல வணிகத் தேர்வுகளுக்கும் அதுவே மூலம். திருத்தும் கையேடு, ஆங்கிலத்தில் எழுதிய அமெரிக்கர்களின் விடைகளை வைத்து உருவானது. அதைத் தமிழில் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பைச் சோதிக்காமலே மதிப்பெண் போடுவது, வெளியூர்த் தராசைக் கொண்டுவந்து படிக்கல்லை நம் ஊரிலேயே உடைத்து எடுத்துக்கொள்வது போன்றது. இத்தகைய தேர்வுகளில் நீளமாகவும் சரளமாகவும் எழுதுபவருக்கு மதிப்பெண் கூடும் போக்கு உண்டு. முப்பது ஆண்டுகள் உலை முன் நின்ற உங்கள் வார்ப்புப் பிரிவுத் தலைவர், ‘தப்பு செய்தால் திருத்திக்க வேண்டும்’ என்று நான்கே சொற்களில் முடித்துவிடுவார். நேற்று எம்.பி.ஏ. முடித்து வந்த பையன் அதே வாக்கியத்துக்கு அரைப் பக்கம் எழுதுவான். அறிக்கையில் யார் மேலே வருவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு நாளில் ஒரு நிலை உயர்த்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் நடப்பது, நடக்காமலும் போகலாம். ‘மார்ச் மாதத்துக்குள்’ என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். பயிற்சிக்கென்று ஒதுக்கிய பணத்தை நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்துக் காட்ட வேண்டும் என்று நிறுவனங்கள் தவிப்பதும், அந்தத் தவிப்பை நம்பியே டிசம்பரிலிருந்து தொலைபேசியும் கையுமாக ஒரு கூட்டம் அலைவதும் ஆண்டுதோறும் நான் பார்ப்பவை. நம் நாட்டில் மருந்துக் கடை வைக்க உரிமம் வேண்டும். ‘கோச்’ என்று பெயர்ப்பலகை மாட்ட எதுவும் வேண்டாம், வாரக் கடைசி வகுப்பில் வாங்கிய ஒரு சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டினால் போதும். யாரிடம் புகார் செய்வது, யார் விசாரிப்பது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

எனக்கு இதில் இவ்வளவு கடுமை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஆலோசகராக இருந்த ஒரு நிறுவனத்தில், ‘வளர்ச்சிக்கு மட்டும்’ என்று வாக்குக் கொடுத்து ஊழியர்களிடம் கண்டறிந்த நிலைகளை எக்செல் அட்டவணையில் ஒரு பத்தியாகச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு ஆட்குறைப்பு வந்தபோது, யாரை அனுப்புவது என்று அந்தப் பத்தியைப் பார்த்தே பேசினார்கள். பட்டியலில் இருந்தவர்களிடம் நேர்காணல் எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே, அளவிடவே கூடாது என்பது என் விதி. இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு; அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாம் மறுபடி உள்ளே வரும். தன்னைப் பற்றி அறிய விரும்பும் ஒருவர், தானாக முன்வந்து, முறையான நேர்காணலுக்கு உட்படலாம். முடிவு அவர் கையில் மட்டும் இருக்க வேண்டும். முதலாளி ‘விருப்பமிருந்தால் செய்யுங்கள்’ என்று சொன்ன பிறகு முன்வருவது, தானாக முன்வந்ததாக ஆகாது. கட்டணத்தை நிறுவனம் கொடுத்தால் அறிக்கை நிறுவனத்துக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள், அடிக்க மறுப்பவரை அனுப்பிவிடுங்கள். நேர்காணலுக்கு உட்பட்டவரே மகிழ்ச்சியோடு அறிக்கையை உங்களிடம் நீட்டினாலும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், பிரதி எடுக்காதீர்கள். அவர் உங்கள் தம்பியாகவோ மைத்துனராகவோ இருந்து, நாளை பொறுப்பு கைமாறும் பேச்சு வீட்டில் நடந்துகொண்டிருந்தால் படிக்கவும் வேண்டாம். குடும்பத் தொழிலில் அந்தத் தாள் சொத்துப் பத்திரத்தோடு சேர்ந்து பேசப்படும். இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும் ஒருவர் நீங்கள்தான். உங்கள் சொந்தப் பணத்தில், உங்களுக்காக, நீங்கள் செய்துகொள்ளலாம்.

மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன். நிலைகளின் பெயர்களை அவர்களிடம் சொல்லவே வேண்டாம். சொன்ன மறுநாளே தேநீர் இடைவேளையில் ‘அவன் மூன்றாம் நிலை’ என்ற கேலி தொடங்கிவிடும். கீகனும் அவருடைய சக ஆய்வாளர் லிசா லாஹேவும் 2001-ல் ஒரு கட்டுரையிலும் 2009-ல் ஒரு நூலிலும் விளக்கிய நான்கு பத்தி அட்டவணை ஒன்று உண்டு. அதற்கு ஒரு வெள்ளைப் பலகை போதும். முதல் பத்தியில், ஒருவர் உண்மையாகவே மாற்றிக்கொள்ள விரும்பும் ஒன்று. உதாரணமாக உங்கள் உற்பத்தி மேலாளர், ‘ஷிஃப்ட் முடிவுகளை சூப்பர்வைசரிடமே விட வேண்டும்’ என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவதில், அதற்கு மாறாக அவர் நடைமுறையில் செய்பவை: இரவு பத்து மணிக்குத் தானே தொலைபேசியில் அழைத்துக் கேட்பது, சூப்பர்வைசர் ஒப்புக்கொண்ட வார்ப்பை மறுபடி தட்டிப் பார்ப்பது. இதுவரை எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுதிவிடுவார்கள்.

மூன்றாவது பத்தியில் சிரிப்பு நின்றுவிடும். இரண்டாவதில் உள்ளதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தையும், அந்தப் பயம் நடந்துவிடாமல் காக்க அவர் தமக்குத் தெரியாமலே கொண்டிருக்கும் உறுதியையும் அங்கே எழுத வேண்டும்: ‘தொழில் தெரியாதவன் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.’ நான்காவதில் அதற்கு அடியில் கிடக்கும் நம்பிக்கை: ‘நான் இல்லாமல் ஒரு நாள் வேலை ஒழுங்காக நடந்துவிட்டால், நான் எதற்கு என்று முதலாளி நினைப்பார்.’ எழுதும்வரை அந்த நம்பிக்கை எழுவாயாக இருந்து அவரை நடத்திக்கொண்டிருந்தது. பலகைக்கு வந்ததும் செயப்படுபொருள் ஆகிவிட்டது. இனி அதைச் சோதிக்கலாம். சோதனை சிறியதாக இருக்கட்டும்: இரண்டு வாரம், ஒரே ஒரு ஷிஃப்டில், ஒரே ஒரு இம்பெல்லர் ரகத்துக்கு மட்டும் ஏற்பதா தள்ளுவதா என்பதை சூப்பர்வைசர் முடிவு செய்யட்டும், ரிஜெக்‌ஷன் எவ்வளவு வந்தது, மேலாளரின் தூக்கம் எப்படி இருந்தது என்று குறித்துவைக்கட்டும். நம்பிக்கை பொய் என்று முடிவுகட்டிக்கொண்டு தொடங்காதீர்கள். சில நேரம் அது மெய்யாக இருக்கும். அப்போது திருந்த வேண்டியவர் முதலாளி.

மாதம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம், ஒரு ஆண்டுக்கு இதைத் தொடருங்கள். மூன்றாவது, நான்காவது பத்திகளை எல்லோர் முன்னும் படிக்க யாரையும் வற்புறுத்த வேண்டாம். தாளை அவரவர் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் கூட்டத்தில் பலகையில் ஏறும் அட்டவணை உங்களுடையதாக இருக்க வேண்டும், நான்கு பத்தியும் முழுதாக. அப்பா இன்னும் காலையில் பவுண்டரிக்கு ஒரு சுற்று வந்து போகிறவர் என்றால், அந்தக் கூட்டத்தை அவர் கிளம்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.