‘கேனரி’ என்றால் பறவைதானே? உணவுத் தொழிற்சாலையை ஏன் அப்படிச் சொல்கிறார்கள்?

பறவை canary, ஆலை cannery. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால் வரும் குழப்பம் இது. பறவைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பேக்கரி, ரிஃபைனரி மாதிரி ‘கேன்’ என்ற சொல்லோடு, தொழில் நடக்கும் இடத்தைக் குறிக்கும் விகுதி சேர்ந்து வந்தது. கேன் என்றால் இங்கே தகர டப்பா.

‘உணவு பதப்படுத்தும் ஆலை’ என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உலர்த்துவதும் உறைய வைப்பதும்கூடப் பதப்படுத்துவதுதானே? ‘கலனடைப்பு ஆலை’ என்பது பொருத்தமாக இருக்கும்.

ஆனால் பெயரை மட்டும் பார்த்தால் டப்பாவில் போட்டு மூடுகிற இடம் என்றுதான் தோன்றும். அப்படி ஓர் ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சில வருடம் இருந்தவன் நான். மூடிய பிறகு கொடுக்கும் சூடுதான் அங்கே உயிர். இந்த முறையைக் கண்டுபிடித்த பிரான்ஸ் நாட்டு நிக்கோலா அப்பேர் முதலில் கையாண்டது கண்ணாடிப் பாட்டில்களை. உணவை நிரப்பி, கார்க்கால் இறுக அடைத்து, கொதிநீரில் வைத்தார். 1810-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 ஃபிராங்க் பரிசு கொடுத்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகரக் கலனுக்குக் காப்புரிமை வாங்கினார். உணவு ஏன் கெடவில்லை என்பது அப்பேருக்கே தெரியாது. நுண்ணுயிர்களைப் பற்றி விஞ்ஞானி லூயி பாஸ்டர் விளக்கியதெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

இன்றும் அடிப்படை அதேதான். டப்பாவின் விளிம்பையும் மூடியின் விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து நசுக்குவார்கள். ‘டபுள் சீம்’ என்போம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஐந்து அடுக்குத் தகடு தெரியும். பிறகு ‘ரிட்டார்ட்’ எனும் பெரிய அழுத்தக் கொப்பரை. மீன், இறைச்சி, பட்டாணி போன்ற புளிப்பில்லாத உணவு என்றால், டப்பாவின் நடுப்பகுதி வரை சுமார் 121 டிகிரி செல்சியஸ் சூடு போய்ச் சேர்ந்து, குறைந்தது மூன்று நிமிடமாவது நிற்க வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சு கக்கும் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் வெறும் கொதிநீரில் சாகாது. பழங்களுக்கு இவ்வளவு சூடு வேண்டாம். புளிப்பே அந்த வித்துகளை முளைக்க விடாது.

அங்கே நான் முதலில் கற்ற விதி, ரிட்டார்டிலிருந்து வந்த ஈர டப்பாவைக் கையால் தொடக்கூடாது என்பது. சூடு ஆறும்போது உள்ளே அழுத்தம் குறையும். சீமில் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு இருந்தால் வெளியே ஒட்டியிருக்கும் ஒரு சொட்டு நீரைக்கூட உள்ளே இழுத்துவிடும். அதனால்தான் குளிர்விக்கும் தண்ணீரிலும் குளோரின் கலப்பார்கள். டப்பாக்கள் கூடையிலேயே நன்றாக உலர்ந்த பிறகுதான் லேபிள் ஒட்டப் போகும்.