ஓட்டுக் கூரையில் ஏறுமுன்: கால் எங்கே நிற்கும், கயிறு எங்கே கட்டப்படும்?

கேள்வி: யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் அம்மம்மா காலத்து ஓட்டு வீட்டில் இருக்கிறோம். சென்ற மாரியில் ஆறேழு இடங்களில் ஒழுகியது. ஓட்டு வேலைக்கு ஆள் தேடி இரண்டு மாதமாகிறது. வருவதாகச் சொல்கிறார்கள், வருவதில்லை. நானும் தம்பியும் ஏறி மாற்றிவிடலாம் என்று இருக்கிறோம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டால் போதுமா? பெல்ட் வாங்க வேண்டுமா? பின்பக்கக் குசினிக்கு அஸ்பெஸ்டஸ் சீற் போட்டிருக்கிறோம். அதிலும் இரண்டு வெடிப்பு இருக்கிறது.

பதில்: இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறவே வேண்டாம். வழுக்கினால் அந்தக் கயிறு உங்களைப் பிடிக்கும், ஆனால் வயிற்றையும் முதுகெலும்பையும் சேர்த்து நெரித்துப் பிடிக்கும். இல்லாவிட்டால் மார்பு வழியாக உருவிக்கொண்டு போகும். இடுப்பு பெல்ட்டும் அப்படித்தான்.

அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். ஒழுகும் இடங்களுக்குக் கீழே மரத் தட்டு (உட்கூரை) இருக்கிறதா, அல்லது உள்ளே நின்று பார்த்தால் ஓடு நேராகத் தெரிகிறதா? நேராகத் தெரிந்தால் பாதி வேலைக்குக் கூரையில் ஏறவே தேவையில்லை. உள்ளே உறுதியான மேடை போட்டு நின்று, மேல் வரிசை ஓட்டைச் சற்று உயர்த்தி, உடைந்ததைக் கழற்றி, புதிய ஓட்டை, ஓடுகளைத் தாங்கும் சலாகைகளின் இடைவெளியால் சரித்து வெளியே விட்டுப் பொருத்தலாம். பொறுமை வேண்டும், தலையில் தூசு கொட்டும். ஆனாலும் ஏறாத கூரையிலிருந்து யாரும் விழுவதில்லை. முகட்டு ஓடு, மழைநீர் வடியும் பீலியின் ஓரம், ஓடு நகர்ந்து கிடக்கும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும் மேலே போங்கள்.

மேலே போவதென்றால் மரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டு வயதுக்கு, கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்கள் பெரும்பாலும் பனையாக இருக்கும். வயிரம் பாய்ந்த பனை நனையாமல் இருந்தால் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். ஒழுகிய இடத்தில் மட்டும் ஏமாற்றும். வெளியே கறுப்பாக, கல்லுப் போலத் தெரியும். ஒரு திருப்புளியை எடுத்து, சுவரில் தங்கும் முனையில் அழுத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை ஒரு கீறல் போடுவதோடு நின்றுவிடும். கறையான் புகுந்த மரத்தில் சத்தமே இல்லாமல் ஓர் அங்குலம் உள்ளே போகும். இழுத்தால் மண்ணும் தும்பும் கூட வரும். அப்படியான கைமரத்துக்கு மேலே யாரும் நிற்கக்கூடாது. அது ஓடு மாற்றும் வேலை அல்ல, மரம் மாற்றும் வேலை. அதற்கு ஆள் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இனிக் கால். ஓட்டுக் கூரை பொதுவாக 25 முதல் 35 பாகை சரிவில் இருக்கும். காய்ந்த ஓட்டில் வெறுங்காலோடு நிற்க முடிகிறது என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் பல ஆண்டுகள் ஓட்டு வேலை செய்த ஒருவர் ஒரு காலைப் பொழுதில் விழுந்தார். நான் பின்னர் ஏணியில் ஏறிப் பார்த்தேன். வடக்குப் பக்க ஓட்டில் படிந்திருந்த பாசியில், இரண்டு விரல் அகலத்தில் ஒரு சிவப்புக் கோடு முகட்டுக்குக் கீழிருந்து பீலி வரை நேராக இறங்கியிருந்தது. அவருடைய குதிகால் போட்ட கோடு. இடையில் எங்குமே அது தடைப்படவில்லை. குதிகால் எலும்பு நொறுங்கி, ஓராண்டு சரியாக நடக்க முடியாமல் இருந்தார். 8 அடி உயரத் தாழ்வாரத்திலிருந்து விழுகிறவர் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தில் மோதுகிறார். வழுக்கி வந்த வேகம் இதில் சேரவில்லை.

ஆகவே ஓட்டில் நிற்காதீர்கள். ஓட்டின்மேல் கிடக்கும் ஏணியில் நில்லுங்கள். இதற்குக் கொக்கி ஏணி வேண்டும். சாதாரண அலுமினிய ஏணியின் தலையில் பொருத்தும் கொக்கி விற்பனைக்கு உண்டு. கிடைக்காவிட்டால் வெல்டிங் கடையில் செய்விக்கலாம், ஆனால் அளவைக் கவனமாகச் சொல்ல வேண்டும். கொக்கி முகட்டு ஓட்டில் தொங்கக்கூடாது. முகட்டு ஓடு வெறும் சாந்தில் ஒட்டிக்கொண்டிருப்பது. உங்கள் பாரத்தைத் தாங்க அது வைக்கப்படவில்லை. கொக்கி முகட்டைத் தாண்டி வளைந்து, மறுபக்கச் சரிவில் அகலமான கட்டையோ இரும்புக் குறுக்கோ கொண்டு அழுத்தி நிற்க வேண்டும். அந்தக் குறுக்குக்கு அடியில் றப்பர் கட்டுங்கள். ஏணிக்கு அடியிலும் இரண்டு மூன்று இடங்களில் மடித்த சாக்குப் போட்டால் பாரம் பரவும், ஓடு வெடிக்காது. ஏணியின் கீழ்முனை பீலியில் ஊன்றக்கூடாது. ஓர் இடத்தில் வேலை முடிந்தால் கையை எட்டி நீட்டாமல், இறங்கி ஏணியை நகர்த்துங்கள். இரு பக்கமும் ஒரு கை நீளம்தான் உங்கள் எல்லை.

கயிற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பாதுகாப்பு உபகரணம் வாங்குகிறவர்கள்கூட இங்கேதான் தவறுகிறார்கள். மாடிக் கட்டட வேலைக்கு விற்கும், உடலில் மாட்டும் வார்ப்பட்டையான ஹார்னஸுடன் 6 அடிக் கயிறும், அதிர்வைத் தாங்க விரியும் ஒரு மடிப்பும் வரும். அது விழுந்த ஆளைப் பிடிப்பதற்கானது. கயிறு 6 அடி, மடிப்பு விரிவது மூன்றரை அடி, ஹார்னஸ் வளையத்துக்குக் கீழே உங்கள் உடல் 5 அடி, காலுக்கு அடியில் மிச்சம் 3 அடி. கூட்டிப் பாருங்கள்: கட்டிய இடத்துக்குக் கீழே 17, 18 அடி வெறுமையாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டு முகடே அவ்வளவு உயரம் இராது. கயிறு பிடிக்குமுன் நிலம் பிடித்துவிடும்.

உங்களுக்குத் தேவை விழவே விடாத கயிறு. முழு உடல் ஹார்னஸை வாங்குங்கள். தொடையையும் தோளையும் சேர்த்துத் தாங்குவதாக இருக்கட்டும். கயிறு 11 அல்லது 12 மில்லிமீற்றர் தடிப்பில், உறை போர்த்த, அதிகம் இழுபடாத வகை. கிணற்றில் அள்ளிய பழைய கயிறும், தும்புக் கயிறும், சந்தையில் கிடைக்கும் நீலக் கயிறும் இதற்கு ஆகா. நீலக் கயிறு வெயிலில் கிடந்தால் நைந்து வலுவிழந்துவிடும். கயிற்றில் மேல்நோக்கி மட்டும் ஓடி, கீழ்நோக்கி இழுத்தால் கவ்விக்கொள்ளும் பிடிப்பானும் ஒன்று வேண்டும். அந்தக் கயிற்றின் தடிப்புக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள்.

கயிற்றை முகட்டுக்கு மேலால் மறுபக்கம் விட்டு, அங்குள்ள மரத்தின் அடியில் கட்டுவது நல்லது. வேரூன்றிய மா, வேம்பு, தென்னை எதுவும் சரி. முருங்கையிலும் பப்பாசியிலும் கட்டவேண்டாம், முறிந்துவிடும். ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தாங்கி, பீலி ஆகியவையும் கூடாது. வாகனத்தில் கட்டினால் விவரம் அறியாத ஒருவர் அதை எடுத்துக்கொண்டு புறப்படக்கூடும். முகட்டில் கயிறு உரசும் இடத்தில் சாக்கைப் பல மடிப்பாகப் போட்டுக் கட்டுங்கள், ஓட்டு விளிம்பு கயிற்றை அறுக்கும்.

சுவர் ஏணியில் நிற்கும்போதே பிடிப்பானைக் கொளுவிக்கொள்ளுங்கள். ஏற ஏற அதை மேலே தள்ளுங்கள். கயிறு எந்த நேரமும் தொய்வில்லாமல் இருக்க வேண்டும், முழங்காலுக்கு அருகில் தொங்கினால் அது இல்லாததற்குச் சமம். கயிறும் கொக்கி ஏணியும் ஒரே கோட்டில் இருக்கட்டும். பக்கவாட்டில் தள்ளிப் போய் வழுக்கினால், ஊஞ்சல் போல ஆடித் தாழ்வாரத்துக்கு வெளியே போய்விடுவீர்கள். கடைசி இரண்டு வரிசை ஓடுகளைக் கூரையில் நின்று மாற்றாமல், கீழே சாரம் கட்டி அதில் நின்று மாற்றுங்கள்.

பனை ஏறுகிறவர்கள் ஒரு தளைநாரோடு ஏறுகிறார்களே என்று யாராவது சொல்லக்கூடும். தளைநார் காலை மரத்தோடு சேர்த்துப் பிடிக்க உதவுவது. கை விட்டால் ஆளைத் தாங்காது. அந்தத் தொழிலில் விழுந்து படுத்த படுக்கையானவர்களை நம் ஊர்களில் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

சுவர் ஏணிக்கு அளவு எளிது: 8 அடி உயரத்தில் சாய்ந்தால் ஏணியின் கால் சுவரிலிருந்து 2 அடி தள்ளி இருக்க வேண்டும், நான்குக்கு ஒன்று. ஏணியின் தலை தாழ்வாரத்துக்கு மேல் 3 அடி நீள வேண்டும், மேலே கட்டியிருக்கவும் வேண்டும். செம்மண் ஈரமாக இருந்தால் அடியில் பலகை போடுங்கள். வீட்டுக்கு வரும் மின்கம்பி எந்தச் சுவரில் வந்து சேர்கிறது என்று பார்த்து, அலுமினிய ஏணியை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். வேலை கம்பிக்கு அருகில் என்றால் மின்சார சபைக்கு அறிவித்து இணைப்பைத் துண்டிக்கச் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

குசினிக் கூரை வேறு விடயம். அஸ்பெஸ்டஸ் சீற்றில் ஏறாதீர்கள். பழைய சீற் எச்சரிக்காது, கால் பட்ட இடம் அப்படியே திறந்துவிடும். ஆணி வரிசையில் மிதித்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்வதை நம்ப வேண்டாம். வெடித்த சீற்றை மாற்றுவதாயின் கீழிருந்து, மேடையில் நின்று, ஆணிகளைக் கழற்றி முழுதாக இறக்குங்கள். முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். வாளால் அறுக்காதீர்கள், காய்ந்த தூளைக் கூட்டாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலில் தங்கினால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். துணி கட்டினால் போதாது, நுண்தூசை வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். குழந்தைகள் அன்று வீட்டில் இல்லாதிருப்பது நல்லது.

வேலை செய்யும் நாளையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் ஏணியைத் தூக்கி நிமிர்த்துவதே ஆபத்து. சோளகம் தணிந்து, ஐப்பசி மழைக்கு முன் கிடைக்கும் புரட்டாதி நாட்கள்தான் உங்களுக்கு வாய்ப்பு. பனி காய்ந்தபின் ஏறி, ஓடு சுடத் தொடங்குமுன் இறங்குங்கள். பாசி பிடித்த பக்கத்தை முதல் நாளே ஏணியில் நின்று சுரண்டிவிடுங்கள்.

இருவரும் ஒன்றாக ஏறவேண்டாம். ஒருவர் மேலே, மற்றவர் கீழே. ஓடு ஒன்று இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். வாளியில் கட்டி ஏற்றி இறக்குங்கள், வாளிக்கு நேர் கீழே நிற்காதீர்கள். கீழே நிற்பவரின் கையில் தொலைபேசி இருக்கட்டும், 1990 அம்புலன்ஸ் இலக்கம் தெரிந்திருக்கட்டும். யாராவது விழுந்தால் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றாதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலே காலைச் செயலிழக்கச் செய்துவிடும். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்தபடி அம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். ஹார்னஸில் தொங்கிக்கொண்டிருந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. அசையாமல் தொங்குகிறவரின் காலில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களில் மயங்கிவிடக்கூடும். அவரை எப்படி இறக்குவது என்பதை ஏறும் நாளுக்கு முன்பே, தம்பியோடு முற்றத்தில் நின்று ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.